மூலக் கோப்பு

பன்னிரண்டு தாண்டினால்தான் டேட்டா மலிவு.
மல்லாவி படுத்துவிட்ட நேரம்.
போனைத் தண்ணித் தாங்கியின் மேல் ஏற்றி வைத்தால்
இரண்டு கோடு சிக்னல், சிலவேளை மூன்று.

குட்டை செய்துகொண்டிருந்தேன்.
உழவு மெசின் திரும்பிய தடத்தில்
தேத்தண்ணி நிறத்தில் தேங்குமே, அந்தக் குட்டை.
ஒன்பது இரவு.
வானத்தை அதற்குள் தலைகீழாய் விழுத்துவதுதான் கரைச்சல்.
மிச்சம் சேறு. சேறு எனக்கு வரும்.

கால் வைத்தால் ஒட்டவேணும் என்றேன்.
மாங்குளத்திலிருந்து லக்சிகன்
ஒட்டும்படி எழுதி அனுப்பினான்:
ஏழு அடிக்குச் சேறு, எட்டாவதில் கால் சுத்தம்.
ஏன் ஏழு?
"ரோட்டில நடந்து எண்ணினனான்."

அந்த உலகத்தில் என் பெயர் பாலைப்பழம்.
ஒருத்தர் வாயிலும் நுழையாது. ஆனாலும் வாங்குவார்கள்.
பின்லாந்துக்காரி ஒருத்தி
மாளிகை வாசலில், பளிங்குக்கு நடுவே
என் குட்டையை விரித்தாள்.
டிராகன் தலையோடு திரியும் பிரேசில் ஆள்
ஒரு மணித்தியாலம் அதற்குள் நின்றான்.
நின்றான், அவ்வளவுதான்.

குட்டைக்கு முன்னமே ஒரு கதிரை செய்திருந்தேன்.
நீலப் பிளாஸ்டிக்.
உடைந்த காலை வேலிக் கம்பியால் மூன்று சுற்றுச் சுற்றி,
கம்பி நுனி வெளியே துருத்தி நிற்கும்.
இருநூற்றுப் பன்னிரண்டு விற்றது.
அதில் யார் யாரோ கலியாணம் முடித்தார்கள்,
ஒருவன் நிலாவில் போட்டுக் குந்தியிருந்தான்.

பிறகு ஒரு நாள் அதே கதிரை
வேறொருவன் கடையில், பாதி விலைக்கு.
அதே நீலம். அதே மூன்று சுற்று.
என் பாவாடையைக் கிழித்த அந்த நுனிகூட
அவன் பெயரில் துருத்திக்கொண்டு.

முறைப்பாடு போட்டேன். ஆதாரம் கேட்டார்கள்.
அடுப்படியில் நின்ற கதிரையைப்
படம் பிடித்து அனுப்பினேன்.
பதினொரு நிமிடத்தில் பதில்:
நிஜப் பொருட்கள் சான்றாகா,
மூலக் கோப்பை அனுப்பவும்.

அனுப்பினேன். தை பதினேழு,
அதிகாலை இரண்டு நாற்பது என்று கோப்பே சொன்னது.
விடியமுன் அவன் கடை இல்லை.
கதிரை உங்களுடையது, என்றார்கள்.
வடிவான எழுத்தில், முழுப் பெயரோடு:
திருமதி பாலைப்பழம்.

எட்டரைக்கு அம்மாவோடு துணுக்காய்க் கந்தோர்.
அரை ஏக்கர். பதினோராவது வருசம்.
நடுவில் வனவளத் திணைக்களத்தின் கல்.
கிணறு நாங்கள் வெட்டினது, என்றார் அம்மா,
முருங்கை நான் நட்டது,
கக்கூசு அத்திவாரம் இப்பவும் கிடக்கு, வந்து பாருங்கோ.
தம்பி வயதுப் பெடியன், மரியாதையாய்த்தான் சொன்னான்:
கிணறு கதைக்காது அம்மா. கடதாசி இருக்கோ?

நான் இருந்ததும் நீலக் கதிரைதான்.
நாலு காலும் சரியாயிருந்தது.
அதை ஒருத்தரும் வாங்கமாட்டார்கள்.

அன்றிரவு லக்சிகன் கேட்டான்:
உங்கட காணியை இங்க செய்வமோ?
கல்லைத் தூக்கிப்போட்டு, கிணத்தோட?
வேண்டாம் என்றேன்.
கிணற்றை எனக்குச் செய்ய வராது என்றேன்.
அது பொய். விட்டுவிட்டான்.

கந்தோரைச் செய்தோம்.
சத்தம் மட்டும் போடும் காத்தாடி,
மேசையில் கட்டுக் கட்டாய்ப் பைல்,
போன வருசக் கலண்டர்.
உள்ளே வருபவர் கையில்
ஒரு நம்பர் துண்டு தானாக வரும்.
கூப்பிடும் பகுதியை மட்டும் லக்சிகன் எழுதவில்லை.
விலை போடாமல் திறந்துவிட்டோம்.

முதல் ஆளாய் வந்தது டிராகன் தலை.
எங்கேயோ என் குட்டையை மிதித்திருக்கிறான்,
வாசலில் இரண்டடிக்குச் சேறு.
துண்டைப் பார்த்தான்: நாற்பத்தேழு.
போய்க் கதிரையில் இருந்தான்.

டேட்டா முடிய ஆறு நிமிடம்.
தண்ணித் தாங்கிக்குக் கீழே நாய் புரண்டு படுக்கிறது.
அவன் இன்னும் எழும்பவில்லை.